பத்துக் கதைக்கும் ஒரே கட்டுரை

செல்வா,

நலம் விசாரித்து எழுதுகிற நிலையில் நான் இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். நேற்று மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து வந்து, கேட்டில் ஒரு மஞ்சள் பையை மாட்டிவிட்டு, சத்தம் காட்டாமல் போய்விட்டாய். கேட்டைத் திறந்தால் கிரீச்சென்று கேட்கும் என்று தெரிந்து அதைத் திறக்கக்கூட இல்லை. பையில் ஒரு மாதத்துக்கான என் பிரஷர் மாத்திரை இருந்தது. கால் கிலோ காரச்சேவு இருந்தது. பரீட்சைப் பேப்பரைக் கிழித்து எழுதிய ஒரு சீட்டும் இருந்தது. 'அம்மா, மாத்திரை வச்சிருக்கேன். அந்தக் கட்டுரை நோட்ட வெள்ளிக்கிழமை மொத பஸ்ல கண்டக்டர் அண்ணாச்சிகிட்ட குடுத்து விடு. திங்கக்கிழமை ரிவிஷன் ஆரம்பிக்கேன்.' அவ்வளவுதான். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாத்திரையிலேயே இரண்டைச் சேர்த்துப் போட வேண்டியதாகிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆபீஸ் வேலையாகக் கோவில்பட்டி வரைக்கும் வந்தவனுக்கு வீட்டுக்குள் வந்து என்னோடு சண்டை போட நேரமில்லை. கேட்டில் பை மாட்ட மட்டும் நேரம் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீ உன் மனதில் எப்படி எழுதி வைத்திருக்கிறாயோ தெரியாது. நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். நீ சந்தோஷமாகத்தான் வந்தாய். ஓட்டப்பிடாரம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே பத்தாம் வகுப்பு இங்கிலீஷை உன் கையில் கொடுத்துவிட்டார்கள், ஹெட்மாஸ்டர் நூற்றுக்கு நூறு பாஸ் கேட்கிறார், இனி ரிவிஷன் ஒன்றுதான் பாக்கி என்றாய். நானும் பெருமையோடு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினேன். அப்புறம்தான் கேட்டாய். "அம்மா, பத்துக் கதைக்கும் ஒரே கட்டுரைன்னு ஒரு நோட்டு வச்சிருந்தேல்லா, அது எங்க?" நான் கேட்டேன்: "பத்துக் கதையும் வாசிச்சியாலே?" நீ சிரித்தாய். "வாசிக்கதுக்கு அதுல என்னம்மா இருக்கு? பேர மாத்திப் போட்டாப் போதும்லா. நீதான சொல்லிக் குடுத்தே?" அதோடு விட்டிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இன்னொன்று சொன்னாய். "எனக்குத்தான் சின்ன வயசுலேருந்தே கதைன்னா ஆகாதே. ஒனக்குத் தெரியாதா?"

அந்த ஒரு பேச்சுக்குத்தான் உன்னைப் பாதிச் சாப்பாட்டில் எழுப்பி "வெளிய போலே" என்றேன். பெற்ற பிள்ளையைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பியது தப்பு. இருபத்தாறு வயதுப் பிள்ளையை அப்படி விரட்டினேன் என்று கேட்டு உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் கோபப்பட்டது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குக் கதை என்றால் ஆகாதா? பொய் சொன்னாலாவது பரவாயில்லை. நீ அதை உண்மை என்று நம்பிக்கொண்டு சொன்னாய். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உனக்கு ஆறு வயது இருக்கும். எட்டயபுரத்துக்கு உன் பெரியம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போகும்போது, நீ ஜன்னல் கம்பியை நக்காமல் இருப்பதற்காக நான் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே வருவேன். ஒருநாள் ஒரு திருடன் சோளத்தட்டையை மலைபோல அடுக்கியிருக்கிற படப்புக்குள் ஒளிந்துகொண்டான், காவல்காரர்கள் சுற்றிச் சுற்றித் தேடிவிட்டுப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். நீ சீட்டில் ஏறி நின்றுகொண்டு கத்தினாய். "அப்படி நடக்காதும்மா! தட்டைக்குள்ள போனா ஒடம்பு பூரா அரிக்கும், தும்மல் வரும். அவன் தும்மியிருப்பான், பிடிச்சிருப்பாங்க!" பஸ்ஸே சிரித்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "டீச்சரம்மா, ஒங்க கதைல ஓட்டை இருக்கு, பய சரியாப் பிடிச்சிட்டான்" என்றார். இறங்குகிற வரைக்கும் நீ அந்தத் திருடனை விடவில்லை. அவன் மூக்கில் துணியைக் கட்டியிருந்தானா, முன்னாலேயே ஒருமுறை அங்கே ஒளிந்து பழகியிருந்தானா என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினாய். இந்தப் பிள்ளைக்குத்தான் கதை ஆகாது என்கிறாய்.

சரி, அந்த நோட்டுக்கு வருகிறேன். அது எப்படிப் பிறந்தது என்று உனக்குத் தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இங்கிலீஷ் இரண்டாம் தாளில் பத்துக் கதைகள். எல்லாம் வெள்ளைக்கார நாட்டுப் பழைய கதைகள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கும் போய்விட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் வருகிறவர்கள். விடியுமுன் வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். முதல் பீரியட் முடியும்போது, கையில் தீக்குச்சி மருந்து வாசனையோடு பின்பக்க வாசல் வழியாக வந்து உட்கார்வார்கள். அவர்களுக்குத் தேவை முப்பத்தைந்து மார்க். ஹெட்மாஸ்டருக்குத் தேவை பாஸ் கணக்கு. எனக்குத் தேவை ஸ்டாஃப் மீட்டிங்கில் தலை குனியாமல் உட்கார்ந்திருப்பது. அதனால் ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து அந்தக் கட்டுரையை எழுதினேன். எந்தக் கதை வந்தாலும் பொருந்தும். கதையின் பெயர், நாயகன் பெயர், ஊர்ப் பெயர் என்று மூன்றே மூன்று கோடிட்ட இடங்கள். மற்றபடி நாயகன் எப்போதும் அன்பானவன், தைரியசாலி, பிறருக்கு உதவுகிறவன், நாம் எல்லோரும் அவனைப் பின்பற்ற வேண்டும். திருத்துகிறவர்கள் கட்டுக் கட்டாகத் திருத்துகிறார்கள், யார் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள்? அந்த வருடமே பாஸ் எகிறியது. எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நம் ஊரில் மற்ற பள்ளிக்கூடத்துக்காரர்களும் வந்து அதைக் காப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு அதில் வந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

உன்னோடு படித்த சுப்புத்தாயை உனக்கு ஞாபகம் இருக்கும். ரெட்டைச் சடை, மூன்றாவது பெஞ்சு. பனி கொட்டுகிற ஊரில் ஒரு சிறுமி அடுப்புக்கு வேண்டி ரயிலடியில் கரி பொறுக்கப் போகிற கதை ஒன்று பாடத்தில் இருந்தது. பனி என்றால் என்ன என்று விளக்க நான் படாத பாடு பட்டேன். ஐஸ்பெட்டிக்குள் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அது தெரு முழுக்க வானத்திலிருந்து விழும் என்றேன். சுப்புத்தாய் கையைத் தூக்கினாள். "டீச்சர், அப்படிப் பனி பெஞ்சா தீப்பெட்டியெல்லாம் நமுத்துப் போகுமே? கரி கெடச்சாலும் அந்தப் பிள்ள அடுப்ப எப்படிப் பத்த வைப்பா?" இன்றைக்கு நினைத்தால் எழுந்து போய் அவள் கையைப் பிடித்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தக் கதையை அவளைப் போல உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அந்தப் பாடப் புத்தகத்தைப் போட்டவர்களில்கூட இருந்திருக்க மாட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கட்டுரைல வராது, உக்காரு" என்றேன்.

இப்போது உன் விஷயம். நீ என் வகுப்பில் உட்கார்ந்த அந்த வருடம் எனக்கு வீட்டிலும் நிம்மதியில்லை, பள்ளிக்கூடத்திலும் நிம்மதியில்லை. தாயே டீச்சராக இருந்தால் பையனுக்கு மார்க்குக்கு என்ன பஞ்சம் என்று ஸ்டாஃப் ரூமில் என் காதுபடவே பேசினார்கள். அதற்காகவே நான் உன்னிடம் மற்றவர்களைவிடக் கடுமையாக நடந்துகொண்டேன். வீட்டு வாசலைத் தாண்டினால் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டேன். நீயும் அப்படியே கூப்பிட்டாய். ஒரு தடவைகூட வாய் தவறி அம்மா என்று சொன்னதில்லை.

பத்துக் கதையில் ஏழாவது, சிப்பாய் கதை. நீ மறந்திருப்பாய், ஆகையால் சொல்கிறேன். சண்டைக்குப் போன இரண்டு சிப்பாய்கள் சிநேகிதர்கள். ஒருவன் சாகும்போது தன் கோட்டைக் கழற்றி மற்றவனிடம் கொடுத்து, இதை எங்கம்மாவிடம் சேர்த்துவிடு என்கிறான். சண்டை முடிந்ததும் இவன் நாலு நாள் நடந்து அந்த ஊருக்குப் போகிறான். சாயங்காலம் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அந்த அம்மா உள்ளே மேஜையில் இரண்டு தட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கதவைத் தட்டவில்லை. கோட்டைக் கேட்டில் மாட்டிவிட்டு வந்த வழியே திரும்பி நடக்கிறான். கதை அதோடு முடிகிறது. நாங்கள் கொடுத்த கேள்வி, சிப்பாயின் நற்குணங்களை விளக்குக. விடை, என் நோட்டில் இருப்பதுதான். அன்பானவன், தைரியசாலி, பிறருக்கு உதவுகிறவன்.

ரிவிஷன் டெஸ்டில் நீ அதை எழுதவில்லை. தப்புத் தப்பான இங்கிலீஷில் அரைப் பக்கம் எழுதியிருந்தாய். அந்தப் பேப்பர் இன்றைக்கு என்னிடம் இல்லை, எப்போதோ பழைய பேப்பர்காரருக்குப் போட்டாயிற்று. ஆனால் நானே கோடு போட்டு அடித்தது என்பதால் எனக்கு அது வரிவரியாக மனப்பாடம். 'இந்தச் சிப்பாய் நல்லவன் இல்லை. இவன் பயந்தவன். நாலு நாள் நடந்தான், ஆனால் கதவைத் தட்டப் பயந்தான். காலையில் அந்த அம்மா வெளியே வருவாள். கேட்டில் மகனின் கோட்டைப் பார்ப்பாள். மகன் வந்துவிட்டான் என்று நினைப்பாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு வீடெல்லாம் தேடுவாள். கிணற்றடியில் தேடுவாள். சிப்பாய் கதவைத் தட்டி உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் அழுதிருப்பாள், ஆனால் தேடியிருக்க மாட்டாள்.' இதுதான் நீ எழுதியது. பதினைந்து வயதில், நம் கரிசல்காட்டில் உட்கார்ந்து, கோட்டு என்றால் வக்கீல் போடுவது என்று மட்டும் தெரிந்த பிள்ளை எழுதியது.

நான் என்ன செய்தேன்? குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. பத்துக்குப் பூஜ்ஜியம். அதோடு விட்டேனா? சொந்தப் பிள்ளை என்று சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. வகுப்பில் உன்னை எழுப்பி நிறுத்தி, அந்த அரைப் பக்கத்தைச் சத்தமாக, உன் தப்பு இங்கிலீஷை அப்படியே ராகம் போட்டு வாசித்தேன். "கதை எழுதுனவருக்கே பாடம் எடுக்கியோ? வெள்ளக்காரன் வீட்டுல கிணத்தடி எங்கலே வந்துச்சு?" என்றேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்க வைத்தேன் என்று சொல்வதுதான் சரி. நீ தலையைத் தூக்காமல் ஒன்றே ஒன்று கேட்டாய். "அவன் ஏன் கதவத் தட்டல டீச்சர்?" எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாத கோபத்தில், "பொதுக் கட்டுரைய இருபது தடவ எழுதிட்டு வா" என்றேன். "சரி டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்தாய். இருபது தடவையும் எழுதிக்கொண்டு வந்தாய். எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் நீ ஒரு கதையிலும் கேள்வி கேட்கவில்லை. பள்ளிக்கூடத்திலேயே இங்கிலீஷில் முதல் மார்க் வாங்கினாய். உன் அப்பாதான் கவனித்திருக்கிறார். "ஏட்டி, பய இப்பல்லாம் சாப்பிடும்போது வாயே தொறக்க மாட்டேங்கான். வகுப்புல அவன என்ன செஞ்சே?" என்று கேட்டார். பஸ் டெப்போவில் எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கிற மனிதர். நான், "பத்தாப்பு வந்துட்டாம்லா, பொறுப்பு வந்துட்டு" என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, நீ எழுதியதுதான் சரி என்று சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தேன். பரீட்சை முடியட்டும் என்று நினைத்தேன். காலேஜில் சேரட்டும் என்று நினைத்தேன். நீயே இங்கிலீஷ் எடுத்துப் படிக்கப் போனதும், சரி, மறந்திருப்பான், புண் ஆறிவிட்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நீ நிஜமாகவே மறந்துதான் போயிருக்கிறாய். புண்ணை மட்டும் மறக்கவில்லை, உனக்குக் கதை பிடிக்கும் என்பதையும் சேர்த்தே மறந்துவிட்டாய். என் கோபம் உன்மேல் பாதி என்றால் என்மேல் முழுசு.

சென்ற மாதம் சுப்புத்தாயைக் கழுகுமலை பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளை. ஓடி வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "ஒங்க கட்டுரையாலதான் டீச்சர் நான் பாஸானேன், இன்னமும் மறக்கல" என்று சொல்லி, அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஒப்பித்துக் காட்டினாள். "திஸ் இஸ் எ வெரி பியூட்டிஃபுல் ஸ்டோரி. தி ஹீரோ ஆஃப் திஸ் ஸ்டோரி இஸ் டேஷ்." கோடிட்ட இடத்தையும் டேஷ் என்று சொல்லியே மனப்பாடம் செய்திருக்கிறாள். நான் கேட்டேன், "தாயி, பனி பெய்யுத ஊர்ல ஒரு பிள்ள கரி பொறுக்கப் போகும்லா, அந்தக் கதை ஞாபகம் இருக்கா? நீ கூட ஒரு கேள்வி கேட்டியே?" அவள் யோசித்தாள். "எந்தக் கதை டீச்சர்?" என்றாள். பஸ் வந்ததும் சிரித்த முகமாக ஏறிப் போய்விட்டாள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் சுப்புத்தாய் பாஸாகியிருப்பாளா என்பாய். ஆகியிருக்க மாட்டாள், ஒத்துக்கொள்கிறேன். உன் வகுப்பிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கும். அவர்களுக்குப் பிடித்து ஏற ஒரு கம்பு வேண்டும்தான். கொடு. ஆனால் கடைசி வாரம் கொடு. அதற்கு முன்னால் கதையைக் கொடு. பத்தையும் நீ முதலில் வாசி. நோட்ஸை மூடி வைத்துவிட்டு வாசி. வகுப்பில் வாய்விட்டு வாசித்துக் காட்டு, தமிழில் சொல்லு, நம் ஊர்ப் பேச்சிலேயே சொல்லு. எவனாவது எழுந்து, இது இப்படி நடக்காது சார் என்று சொன்னால் உட்கார் என்று மட்டும் சொல்லிவிடாதே. உனக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு. அதைச் சொல்லத் தைரியமில்லாமல்தான் நான் ஒரு பிள்ளையை இருபது தடவை எழுத வைத்தேன். பாஸ் கணக்குக் கேட்கிற ஹெட்மாஸ்டர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், நானும் போய்விட்டேன். அந்தப் பிள்ளைகள்தான் டேஷ் டேஷ் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பையையும் சீட்டையும் பார்த்ததும் கோபம் வந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அது முழு உண்மையில்லை. சீட்டை நான் கடைசியில்தான் பார்த்தேன். தூக்கம் கலைந்து முகம் கழுவ வெளியே வந்தபோது கேட்டில் பை தொங்கியது. நீ வழக்கமாகக் கொண்டுவருகிற அதே மஞ்சள் பை. எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பய வந்துட்டான் என்றுதான் நினைத்தேன். "செல்வா, ஏலே செல்வா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே ஓடினேன். உன் அறையில் பார்த்தேன். அடுப்படியில் பார்த்தேன், தட்டைப் போட்டு நீயே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாயோ என்று. மாடியில் ஏறிப் பார்த்தேன். கடைசியில் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று கூப்பிட்டேன். உன் அப்பாவும் கழுகுமலைக்கு விசேஷ வீட்டுக்குப் போயிருந்தார். பதில் சொல்ல ஆள் இல்லை. அங்கே நிற்கும்போதுதான், ஐந்து நிமிஷமாக நான் செய்துகொண்டிருப்பது என்ன என்று எனக்கு உறைத்தது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நீ எழுதிவிட்டாய். நான்தான் பூஜ்ஜியம் போட்டேன்.

ஆகையால் நாளை முதல் பஸ்ஸில் கண்டக்டர் அண்ணாச்சியிடம் இந்தக் கடிதம் மட்டும்தான் வரும். நோட்டு வராது. அது பீரோவில்தான் இருக்கிறது, கிழித்துப் போடவில்லை. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை நேரில் வா. பத்தில் ஏதாவது ஒரு கதையை வாசித்துவிட்டு வந்து, எனக்குச் சாப்பாடு முடிகிற வரைக்கும் சொல்லு. எந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லு. அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு போ. அவன் ஏன் கதவைத் தட்டவில்லை என்று நீ கேட்டாயே, அதற்கும் அன்றைக்குப் பதில் சொல்கிறேன். உள்ளே இருக்கிறவள் என்ன சொல்வாளோ என்ற பயம்தான். நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும், திட்டத்தான் செய்வேன். திட்டிவிட்டுச் சோறு போடுவேன்.

பையைக் கேட்டில் மாட்டாதே. கதவைத் தட்டு.

அம்மா